நாலு நிறத்தில் ஜெஸ்வின்

இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவதுதான் தப்ரேஸின் வேலை. ராயபுரம் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சௌக்கத் அலியின் ஃப்ளெக்ஸ் கடையில் எட்டு வருடமாக அவன்தான் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும். ஆனால் அவன் பேரைச் சொல்லித் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் சாவு வீட்டுக்காரர்கள். ஆதார் கார்டுக்கு எடுத்த படம், யாரோ ஒருவர் கல்யாணத்தில் ஓரமாக நின்ற படம், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது எடுத்த படம் என்று எதைக் கொண்டுவந்தாலும் போதும். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, தோலைத் துடைத்து, கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வைத்து, ஒரு கோட்டுக்குள் பொருத்திவிடுவான்.

"உயிரோட இருந்த வரைக்கும் லுங்கியத் தவிர வேற கட்டல தம்பி. நல்லதா ஒண்ணு போட்டு வுடு," என்பார்கள். சிலர் கைக்கடிகாரம் கேட்பார்கள். சிலர் கூலிங் கிளாஸ். ஒரு மீன்காரம்மா தன் புருஷனுக்குப் பின்னால் பெரிய வெள்ளைக் கார் ஒன்று நிற்க வேண்டும் என்றாள். தப்ரேஸ் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. இன்டர்நெட்டிலிருந்து எடுத்த நாற்பது கோட்டு உடம்புகள் அவன் கம்ப்யூட்டரில் இருந்தன. தலை மட்டும் மாறும்.

ஜெஸ்வினுக்கு மட்டும் அவன் அந்த நாற்பதைத் தொடவில்லை.

ஜெஸ்வினும் அவனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஜெஸ்வினின் அப்பா ராசையா நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து, தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலைமேல் பிளாஸ்டிக் குடம், வாளி, நாற்காலி விற்கும் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அம்மா கிறிஸ்டினா. ஒரே பிள்ளை. ஜெஸ்வினுக்கு உடுப்பு என்றால் பைத்தியம். கன்டெய்னர் யார்டில் நம்பர் குறிக்கும் வேலைக்குப் போகும்போதுகூட, அடியில் தூசி படும் என்று தெரிந்தே வெள்ளைப் பேன்ட் போடுவான். இருபத்துமூன்றாம் வயதில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில், யார்டிலிருந்து பைக்கில் திரும்பும்போது டிரெய்லர் லாரியின் பின்சக்கரத்துக்குள் போய்விட்டான். காலை பத்து மணி.

அன்றைக்கு மதியம் ராசையாவே கடைக்கு வந்தார். செருப்பு இல்லாமல் வந்திருந்தார்.

"தம்பி, இவனுக்கு நீ செய்யணும்," என்றார்.

காசிமேட்டில் கடலுக்குள் நீளும் கல் சுவர்மேல் வைத்து தப்ரேஸே ஒருநாள் எடுத்த படம் இருந்தது. கோடு போட்ட சட்டை. முன்பல் இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பது தெரியும் சிரிப்பு. அடக்கத்துக்கு அவசரமாக ஒரு போஸ்டர் போட்டுக் கொடுத்தான். பிறகு முப்பதாம் நாளுக்காக உட்கார்ந்து இரண்டு நாள் வேறெந்த வேலையும் பார்க்காமல் ஒரு கோட்டை வரைந்தான். கரும்பச்சை. காலரிலிருந்து மார்புவரை தங்கக் கொடி, கொடியில் சின்னச் சின்னப் பூக்கள். உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லாத கோட்டு. அதை ஜெஸ்வினுக்குப் போட்டுவிட்டதும் அவன் எங்கேயோ பெரிய இடத்துக்குப் புறப்பட்டு நிற்பவன்போல இருந்தான். சௌக்கத் அலி மிஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

போஸ்டரைப் பிளாஸ்டிக் கடை வாசலில் கட்டியபோது கிறிஸ்டினா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கான்லா," என்றாள்.

அதில் சின்ன அளவில் ஒன்று போட்டு, சட்டம் போட்டு, வீட்டில் மாட்டிக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து ஜெகதீசன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கதர் சட்டை, விலையுயர்ந்த ஷூ. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் பிறந்தவர், அப்பா ரயில்வேயில் கேங்மேன், எழும்பூரில் ஓவியம் படித்து இப்போது டெல்லியிலும் மும்பையிலும் படங்கள் விற்கிறவர் என்பதையெல்லாம் அவரே சொன்னார். ஒரு வருடமாக வடசென்னைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாராம். நல்லதாக இருந்ததிலெல்லாம் கீழே ஒரே கடையின் போன் நம்பர்.

"இதெல்லாம் யாருப்பா போட்டது?"

தப்ரேஸ் கையைத் தூக்கினான். ஜெகதீசன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு மணி நேரம் டீகூடக் குடிக்கவில்லை.

"தம்பி, இது டிசைன் இல்ல. ஆர்ட்டு. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க கடைச் சாமான வரைஞ்சி ஆர்ட்டுன்னு காட்னானுங்க. சோப்பு டப்பா, சோடா பாட்டிலு, நடிகை மூஞ்சி, எல்லாத்தையும் கலர் மாத்தி மாத்தி வரிசையா அடுக்கனானுங்க. நீ செத்துப் போனவனுக்கு அவன் வாங்க முடியாத கோட்ட மாட்டிவுட்டு அதையேதான் பண்ணிகினு கீற. அது உனக்குத் தெரியல, அவ்ளோதான்."

எட்டு வருடத்தில் தப்ரேஸிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. "சீக்கிரம் போடு, பாடி எடுக்கப் போறாங்க" என்றுதான் பேசியிருக்கிறார்கள்.

ஜெகதீசன் கேட்டது இதுதான்: எல்லா ஃபைலும் வேண்டும். பெரிய கேன்வாஸில் ஓவியமாகச் செய்வார். மும்பையில் பணக்காரர்களுக்கு உடை தைக்கும் ஒரு கம்பெனி அவரோடு சேர்ந்திருக்கிறது. அந்தப் படங்களைப் பட்டில் அச்சடித்து, கோட்டும் பையுமாகக் கொண்டுவரப் போகிறார்கள்.

"அவங்க கோட்டு ஒண்ணு ரெண்டு லட்சம்டா. அந்தக் கடைக்குள்ள நம்பள வாட்ச்மேன் வுடுவானா? வுட மாட்டான். ஆனா நம்ம ஆளுங்க மூஞ்சி உள்ள தொங்கும். உம் பேரும் இருக்கும்."

அவர் போன பிறகு சௌக்கத் அலி சொன்னார்: "செத்தவங்க படம்டா. அவங்கவங்க வூட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடு."

"செவுத்துல ஒட்டனதுதான பாய். ஊரே பாத்துச்சு."

"ஊரு பாக்கறதுக்குத்தான் ஒட்டனாங்க. அப்பால உன் இஷ்டம்."

நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பேப்பர் வந்தது. 'இதெல்லாம் நீ செஞ்சது, குடுக்கற உரிமை உனக்குக் கீதுன்னு போட்ருக்கு' என்று ஜெகதீசன் விளக்கினார். தப்ரேஸ் நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான்.

ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஆகிக்கொண்டிருந்தபோது ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. ஜெஸ்வின் பெயர் வந்து போனது. தப்ரேஸ் முழுவதும் முடிந்த பிறகு அந்த ஃபைலைத் திறந்து பார்த்தான். எடுத்துவிட வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அவன் செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே விட்டுவைத்தான்.

ஜனவரி மாதம், ஒரு மாலை நாலு மணிக்கு, துறைமுகத்தை ஒட்டிய பழைய குடோன் ஒன்றில் ஜெகதீசனின் கண்காட்சி நடந்தது. ஒருகாலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய இடம். வெள்ளையடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே குளிர வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற கார்களுக்காகக் கன்டெய்னர் லாரிகள் ஓரம் கட்டி நின்றன. தப்ரேஸ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனான்.

சுவர் முழுக்க அவன் செய்த முகங்கள். புதுப்பேட்டையில் லேத் வைத்திருந்த கிழவர், கொருக்குப்பேட்டையில் மின்சாரம் தாக்கிய பெயின்டர், அந்த மீன்காரம்மாவின் புருஷன். பத்தடி உயரத்தில், ஊதாவும் மஞ்சளுமாக, ஒரே முகம் எட்டு முறை, பன்னிரண்டு முறை. எல்லாவற்றிலும் அவன் போட்ட கோட்டு. பிறகு இசை மாறியது. நடுவில் விட்டிருந்த பாதையில் உயரமான பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நடந்து வந்தார்கள்.

ஐந்தாவதாக வந்தவள் கணுக்கால்வரை தொங்கும் கோட்டு அணிந்திருந்தாள். அவள் கடைசிவரை போய்த் திரும்பியபோது முதுகில் ஜெஸ்வின் நாலு நிறத்தில் இருந்தான். இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. நாலிலும் அந்த ஏறிய பல் தெரிந்தது. அவள் நடக்க நடக்கப் பட்டு அசைந்தது. அவன் வாயும் அசைந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். தப்ரேஸும் தட்டினான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

காட்சி முடிந்து கோட்டுகளை ஒரு கம்பியில் தொங்கவிட்டார்கள். வயதான ஒரு பெண்மணி ஜெஸ்வின் இருந்த கோட்டின் துணியை விரலால் நெருடிப் பார்த்து, ஜெகதீசனிடம் கேட்டாள்:

"இது யாரு? உங்களுக்குத் தெரிஞ்ச பையனா?"

"பேரில்லாதவங்க மேடம். இந்த ஊரைத் தூக்கி நிறுத்தின பேரில்லாத ஜனங்க."

தப்ரேஸ் இரண்டடி தள்ளி நின்றான். பேர் அவன் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வெளியே வரும்போது சுவரில் நன்றி சொல்லிய பட்டியலைத் தேடிப் படித்தான். அவன் பேர் கடைசிக்கு முந்தியது. அதற்குக் கீழே சாப்பாடு போட்ட கம்பெனியின் பேர்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிளாஸ்டிக் கடை வாசலில் கிறிஸ்டினா வாளிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா புதுச்சட்டை? எங்க போயிட்டு வார?"

"ஒரு கல்யாணம்மா," என்றான்.

மார்ச் மாதம் ஒரு சினிமா நடிகை ஜெஸ்வின் இருந்த அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் நடந்தாள். அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. மூன்றே வாரத்தில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் டி-ஷர்ட்டாக வந்துவிட்டது. கறுப்புத் துணி, நெஞ்சில் நாலு கட்டம், நாலு முகம். நூற்றைம்பது ரூபாய்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சேலை எடுக்கப் போன கிறிஸ்டினா அதைப் பார்த்தாள். சேலை எடுக்கவில்லை. ஒரு டி-ஷர்ட்டை வாங்கி, நடந்தே ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்து, தப்ரேஸின் கீபோர்டுமேல் விரித்தாள்.

"இது என்னப்பா?"

மிஷின் பக்கத்தில் நின்ற சௌக்கத் அலி அவனையே பார்த்தார்.

"செவுத்துல ஒட்டன போஸ்டர யாரோ போட்டோ எடுத்துக்கீறாங்கம்மா," என்றான்.

"அப்படியா." அவள் அந்தத் துணியை மடித்தாள். மடிக்கும்போது முகத்தில் மடிப்பு விழாமல் பார்த்து மடித்தாள். "போகும்போது பஸ்ஸுல ஒருத்தன் இதப் போட்டுக்கிட்டு வாந்தி எடுக்கான் தம்பி. எம் புள்ள மூஞ்சில வழியுது. நீ என்கூட வாரியா? எனக்கு அந்தத் தெருவுல எந்தெந்தக் கடைன்னு தெரியாது."

"எதுக்கும்மா?"

"இருக்கறத பூரா வாங்கிரணும்."

ஐந்து நாள் சுற்றினார்கள். மதியம் கடையை ராசையாவிடம் விட்டுவிட்டு வருவாள். எம்.சி. ரோட்டின் இரண்டு பக்கமும், சந்துக்குள் இருக்கும் மொத்தக் கடைகளும், யானைக்கவுனிப் பக்கம் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து விற்கிறவர்களும். ஒவ்வொரு கடையிலும் ஏறுவதற்கு முன் அவள் நின்று தப்ரேஸின் முகத்தைப் பார்ப்பாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். கடைக்காரன் சைஸ் கேட்டால் எல்லா சைஸும் என்பாள். தப்ரேஸ் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பான். வீட்டில் ஜெஸ்வின் படுத்த கட்டில்மேல் அவற்றை அடுக்கினாள். அடுக்கு அவள் இடுப்பளவுக்கு வந்தது.

ஐந்தாம் நாள் ஒரு மொத்தக் கடையில் இருந்த ஆள் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான்.

"வாங்கம்மா, நீங்க வருவீங்கன்னுதான் பாத்துகினு இருந்தேன். இந்த பீஸு ஜோரா ஓடுது. நீங்க எடுக்கற ஸ்பீட பாத்துட்டு திருப்பூருக்கு இன்னும் ஆயிரம் சொல்லிக்கீறேன். வெள்ளைல ஒண்ணு, லேடீஸ் மாடல் ஒண்ணு. குழந்தைங்களுக்கும் போடச் சொல்லட்டா?"

கிறிஸ்டினாவுக்கு உடனே புரியவில்லை. "இன்னும் வருமா?" என்றாள்.

"கேக்கறவங்க கீற வரைக்கும் வரும்மா. நீங்கதான் பெரிய பார்ட்டி."

அவள் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கடைப் படியில் போய் உட்கார்ந்தாள். மக்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தப்ரேஸ் அவள் பக்கத்தில் பைகளோடு நின்றான்.

"நான் வாங்குனதனாலயா?" என்று கேட்டாள்.

அவன் பைகளைக் கீழே வைத்தான்.

அன்று மாலையே ஜெகதீசனுக்குப் போன் செய்தான். அவர் அவனுக்கு முன்னால் கத்த ஆரம்பித்தார்.

"பாத்தியாடா? என்னையே திருடிட்டானுங்கடா! இந்த மூஞ்சில நான் வுட்டது மொத்தம் மூணு கோட்டு. மூணே மூணு. அத ரோட்டுல போட்டு கலீஜ் பண்ணிட்டானுங்க. கம்பெனி கேஸ் போடப் போவுது."

"சார், அது ஜெஸ்வினு. என் தோஸ்து. அவங்கம்மா இங்க கீறாங்க. அவங்களால வெளிய நடக்க முடியல."

அந்தப் பக்கம் கத்தல் நின்றது.

"உன் தோஸ்தா? நீ சொல்லவே இல்லியேடா."

"நீங்க கேக்கல சார்."

"எனக்கு எப்டிடா தெரியும்? உன் படம், உன் உரிமைன்னு நீதான கையெழுத்துப் போட்டுக் குடுத்த?" அவர் குரல் தணிந்தது. "நான் வந்து அந்தம்மாவப் பாக்கட்டா? ஒரு பெயின்டிங் குடுக்கறேன். பெருசா. காசு வேணாம்."

"வேணாம் சார்," என்று போனை வைத்தான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவனை அதிகம் வதைத்தது.

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போகாமல் பிளாஸ்டிக் கடைக்கு மேலே ஏறிப் போனான். ராசையா கீழே வியாபாரத்தில் இருந்தார். கிறிஸ்டினா கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா. அந்தப் படம் செவுத்துலேர்ந்து யாரும் எடுக்கல. நான்தான் குடுத்தேன்."

"தெரியும்," என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை.

"மொத நாளே தெரியும். போட்டோவுல அவன் போட்டிருந்தது கோடு போட்ட சட்டைலா? கோட்டு நீ வரைஞ்சது. சுவத்துல இருந்து எடுத்திருந்தா மழை பட்டிருக்கும், கிழிஞ்சிருக்கும். இது அப்படியே புதுசா இருக்கு. உங்கிட்டயிருந்து போகாம எப்படிப் போகும்?"

"அப்புறம் ஏம்மா என்னக் கூட்டினு சுத்துனீங்க?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். ஒவ்வொரு கடைல ஏறும்போதும் பாத்தேன்."

தப்ரேஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவனைத் தொடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கீழே ராசையா யாரிடமோ குடத்துக்கு மூடி தனி விலை என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"எதுக்குக் குடுத்த?"

அவன் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த காரணங்கள் இருந்தன. நம்ம ஆளுங்க முகம் பெரிய கடைக்குள் தொங்கும் என்பது ஒன்று. அவள் முன்னால் அது வாயில் வரவில்லை.

"நல்லா வந்திருந்துச்சும்மா. அதான்."

கிறிஸ்டினா கொஞ்ச நேரம் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "நீ போ. இனிமே மேல ஏறி வராத."

அதன்பிறகு அவள் கீழே இறங்கவில்லை. கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். எண்ணூர், மணலி வேலைக்குப் போகிறவர்கள் காலையிலும் மாலையிலும் அங்கே நிற்பார்கள். அதில் எப்படியும் ஒருவன் அந்தச் சட்டையில் இருந்தான். அதற்கு முன்பே ஒருநாள் அந்தச் சட்டையோடு ஒருவன் கடைக்கே வந்து, அவளிடம் தண்ணி மொள்ளும் மக் என்ன விலை என்று கேட்டானாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

ராசையா சும்மா இருக்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார். டி-ஷர்ட் அடித்தவன் யார் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள். ஒரு வக்கீலைப் பிடித்து மும்பைக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நேராக ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தார். கிறிஸ்டினா அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தப்ரேஸுக்குத் தெரிந்தது.

"வக்கீல் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. இங்கிலீசுல இருக்கு. நீ படிச்சுச் சொல்லு தம்பி."

முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். மூன்று கோட்டுகளையும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். தாங்கள் முறைப்படி உரிமை பெற்றே செய்ததாகவும் ஆதாரம் இணைத்திருப்பதாகவும் இருந்தது. இரண்டாவது பக்கம் ஜெராக்ஸ். தப்ரேஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். பின்னால் மிஷின் ஒரு கல்யாண பேனரை அங்குலம் அங்குலமாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"என்ன போட்டிருக்கு?"

"நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்னு போட்டிருக்குப்பா."

ராசையா அந்தப் பேப்பரை வாங்கிக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கையெழுத்து தெரியும். ஜெஸ்வினும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒருவர் புத்தகத்தில் ஒருவர் போட்டுப் பழகிய அதே கையெழுத்து.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"எங்கிட்ட சொல்லல," என்றார். பிறகு, "நான் ஒன்ன ஏதாவது செஞ்சிருவேன்னு பயந்திருப்பா," என்றார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சௌக்கத் அலியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு இறங்கிப் போனார். அடித்திருந்தால்கூட தப்ரேஸ் நின்று வாங்கியிருப்பான்.

சௌக்கத் அலி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. "இனிமே சாவு போஸ்டர் நீ போடாத," என்று மட்டும் சொன்னார். வேறொரு டிசைனரை வைத்தார்.

ஜூன் மாதம் ராசையா கடையைக் காலி செய்தார். நாசரேத்தில் அவர் தம்பி இருந்தார். முப்பது வருடத்துக் கடை. காலையில் மினி லாரி வந்து நின்றது. தப்ரேஸ் போனான். உதவிக்கு ஓடி வந்தவனை ராசையா கை காட்டித் தடுத்தார்.

"வேண்டாம் தம்பி. நீ போ."

அவன் சாலையைக் கடந்து எதிர் டீக்கடையில் போய் நின்றான். போகவும் முடியவில்லை.

மூன்று பேர் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து நாலாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். கறுப்பு டி-ஷர்ட். நெஞ்சில் நாலு கட்டம். பலமுறை துவைத்ததில் இளஞ்சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. ராசையா அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு தன் பெட்டியைத் திறந்து தன்னுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அவனிடம் போனார்.

லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த கிறிஸ்டினா ஏதோ சொன்னாள். தப்ரேஸுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் கை நீட்டி மறித்தது தெரிந்தது. ராசையா சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஒதுங்கி நின்றார்.

அந்த ஆள்தான் மிச்சமிருந்த எல்லாவற்றையும் இறக்கினான். பீரோவை முதுகில் சுமந்து படியில் பக்கவாட்டாக வந்தான். கட்டிலைப் பிரித்து, இரண்டு சட்டத்தையும் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். வியர்வையில் டி-ஷர்ட் நெஞ்சோடு ஒட்டியது. ஒருமுறை அவள் அவனைக் கூப்பிட்டுத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். இன்னொருமுறை ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, அங்கேயே நின்று சாப்பிடச் சொன்னாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பத்தரை மணிக்கு லாரி கிளம்பியது. கன்டெய்னர்களுக்கு நடுவில் கொஞ்ச தூரம் தெரிந்து, பிறகு தெரியவில்லை.

கூலியை வாங்கிக்கொண்டு அந்த ஆள் டீக்கடைக்கு வந்தான். தப்ரேஸ் பக்கத்தில் நின்று டீ சொன்னான்.

"இன்னாமோ மாதிரி கீதுபா அந்தம்மா," என்றான், பொதுவாக. "சோறு குடுத்துச்சு, தண்ணி குடுத்துச்சு. ஆனா ஒரு தபா கூட என் மூஞ்சியப் பாக்கல. நெஞ்சையே பாத்துகினு கீது. பேஜாரா பூட்சி."

"அது யாருன்னு தெரியுமா?" என்று தப்ரேஸ் கேட்டான்.

"எது?"

"உன் சட்டையில."

அவன் குனிந்து பார்த்தான். "யாரோ நடிகனு இல்ல?"

"இல்ல. அவங்க புள்ள. ஜெஸ்வின்னு பேரு. செத்துட்டான்."

அந்த ஆள் டீயை உறிஞ்சாமல் கையிலேயே வைத்திருந்தான். சாலையைப் பார்த்தான்.

"யா அல்லா," என்று முணுமுணுத்தான். "தெரிஞ்சிருந்தா போட்டுகினு வந்திருக்க மாட்டேனே மாமு. எனக்குத் தெரியாதே."

பாதி டீயைக் கீழே கொட்டினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து, நெஞ்சை முழுக்க மூடி, முனைகளைப் பின்னால் முடிந்துகொண்டான். பிறகு திருவொற்றியூர் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.